சிரிக்கிற மூஞ்சி

இளையபெருமாளுக்குத் தாடையில் புற்றுநோய். ஆபரேஷனுக்குப் பிறகு பேச்சு போய்விட்டது. கஞ்சியும் மருந்தும் மூக்குக் குழாய் வழியாகத்தான். இனிமேல் குணமாகாது, வலியையாவது குறைப்போம் என்று பெரம்பலூரிலிருந்து நர்ஸ் வெற்றிச்செல்வி குன்னத்துக்கு வந்துபோனாள்.

அவர் மனைவி சிந்தாமணியின் போனில் ஒரு ஆப் போட்டுக் கொடுத்திருந்தாள். சிரிப்பில் தொடங்கி அழுகையில் முடியும் ஐந்து முகங்கள். அவர் வலி எவ்வளவு என்று பார்த்து, தினமும் காலையில் ஒன்றைத் தொட வேண்டும். அழுகிற முகத்தைத் தொட்டால் நர்ஸ் அன்றைக்கே வருவாள், மருந்தைக் கூட்டுவார்கள்.

சிந்தாமணி குளித்து விளக்கேற்றிவிட்டுத்தான் போனை எடுப்பாள். விளக்கேற்றிய கையால் அழுகிற முகத்தைத் தொடுவது வீட்டுக்கு ஆகாது. சிரிப்பைத் தொட்டால் சிரிப்பு வரும் என்றும் நம்பினாள். ஒருநாள் இளையபெருமாளே அழுகிற முகத்துக்கு விரலை நீட்டினார்.

"வெள்ளிக்கெழமையும் அதுவுமா. சும்மா இருங்க" என்று கையை விலக்கிவிட்டுச் சிரிப்பை அழுத்தினாள்.

பெரம்பலூர் ஆபீசில் அவர் பெயருக்கு நேராக, வலி இல்லை என்று பச்சை காட்டியது. வெற்றிச்செல்வி பாடாலூர் நோயாளிகளைப் பார்க்கப் போனாள். குன்னத்தின் முறை வந்தபோதுதான் வந்தாள்.

"என்னப்பா, போன்ல ஒரே சிரிப்பா இருக்கு. நேர்ல மூஞ்சியக் காட்ட மாட்டீங்களா?"

சுவர் பக்கம் திரும்பிப் படுத்திருந்தவரைத் திருப்பினாள். வலியில் கடித்துக் கடித்து, வாயிலிருந்த துண்டு நார்நாராகக் கிழிந்திருந்தது. உதட்டில் ரத்தம்.

"எத்தன நாளாம்மா இப்புடி?"

"போன தடவ நீ வந்துட்டுப் போனதுலேருந்து."

"அப்பறம் ஏன் சிரிப்பத் தொட்டீங்க?"

சிந்தாமணி காரணத்தைச் சொன்னாள். வெற்றிச்செல்வி திட்டவில்லை. டாக்டருக்கு போன் போட்டுக் கேட்டு, மார்ஃபின் மாத்திரையைக் கூட்டிக் கரைத்துக் குழாயில் விட்டாள். கொஞ்ச நேரத்தில் அவர் பல் துண்டை விட்டது. கால் நீட்டித் தூங்கினார்.

"முன்னாடியே குடுத்திருந்தா முன்னாடியே தூங்கியிருப்பாரா பாப்பா?"

வெற்றிச்செல்வி பையை மூடினாள். பொய் வாய் வரைக்கும் வந்து திரும்பியது.

"தூங்கியிருப்பாரும்மா."

சிந்தாமணி கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். "எழுப்பட்டுமா? ஒரு வார்த்த சொல்லணும்."

"எழுப்பாதீங்க. எழுப்புனா வலிதான் முழிக்கும்."

எழுப்பவில்லை. தானாக முழிக்கட்டும் என்று காத்திருந்தாள். வேளை தவறாமல் மருந்து விட்டாள், துண்டை மாற்றினாள், ஈ ஓட்டினாள். மறுநாள் மத்தியானம், கண் திறக்காமலே மூச்சு நின்றது.