ஒன்பதாம் நாள் கையெழுத்து

அழகுமுத்துவின் இலங்கைப் பிரஜாவுரிமை மனுவை 1951 ஜூலையில் நான்தான் எழுதினேன். ஹட்டனில் பாவாவின் புடவைக் கடை ஓரமாக மேசை போட்டு, தேயிலைத் தோட்டத்து ஆட்களுக்கு மனுவும் கடிதமும் எழுதுவது என் தொழில். மனைவி காளியாயி, பிள்ளைகள் மூவர், எல்லோரும் அவன் மனுவுக்குள்ளேயே அடக்கம். எழுதி முடித்து மைப்பெட்டியை நகர்த்தி, "பெருவிரல வைப்பா" என்றேன்.

"கைநாட்டா? ராப்பள்ளிக்கூடத்துல ரெண்டு வருஷம் குந்துனது எதுக்குங்க?"

பேனாவை வாங்கி 'மூ. அழகுமுத்து' என்று எழுதினான். வாயில் சாராய வாடை அடித்தது. கை மட்டும் நடுங்கவில்லை.

விசாரணைக்கு அழைப்பு வர இரண்டரை வருடமாயிற்று. 1954 ஜனவரியில் முதல் தவணை. அன்று நிற்க முடியாத குடிவெறியில் வந்தான். அதிகாரி தம் கோப்பில் அவன் வந்த நிலை பற்றி ஒரு வரி எழுதிக்கொண்டு, மார்ச் பதினெட்டுக்குத் தள்ளிவைத்தார். அதற்குமேல் தவணை கிடையாது என்று மொழிபெயர்ப்பாளர் காளியாயியிடம் இரண்டு முறை சொன்னார்.

மார்ச் ஒன்பதாம் தேதி அவன் குடியை விட்டான். யாரும் சத்தியம் வாங்கவில்லை. அன்று காலை வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டில், கண்டாக்கு ஐயா பெயர் கூப்பிட்டபோது, அது தன் பெயர்தானா என்று அவனுக்குச் சட்டென்று தெரியவில்லையாம். பயந்துவிட்டான். மூன்று நாள் தண்ணீர்கூட உள்ளே தங்கவில்லை. நான்காம் நாள் லயத்து வீட்டுச் சுவர் முழுக்க எறும்பு ஊர்கிறது என்று கத்தி வெளியே ஓடப் பார்த்தான். காளியாயி தன் சேலையால் அவன் காலைக் கட்டிப்போட்டாள்.

பதினெட்டாம் தேதி காலை எட்டரைக்கு இருவரும் என் மேசைக்கு வந்தார்கள். விசாரணை பத்தரைக்கு. சவரம் செய்த முகத்தில் இரண்டு வெட்டு. பாவா கொடுத்த தேத்தண்ணிக் கிளாஸ் அவன் பல்லில் பட்டுக் கிணுகிணுத்தது.

"என்ன முத்து, கிளாசுல தப்பு அடிக்கிறியா? திருவிழா எப்ப?" என்றார் பாவா.

"இந்தக் கையி எம்பேச்சக் கேக்குறதில்ல பாவா. ஒம்பது நாளா அதுக்கும் எனக்கும் சண்ட."

அதிகாரி முன்னால் இவன் கையெழுத்துப் போட்டுக் காட்டவேண்டுமே என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. ஒரு தாளைக் கொடுத்துக் கையெழுத்துப் போடச் சொன்னேன். முதல் எழுத்திலேயே பேனா முள் தாளைக் கிழித்தது. இன்னொரு தாள் கொடுத்தேன். எழுத்துகள் பூரான்போல் நெளிந்தன. என்னிடமிருந்த மனுப் பிரதியைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். இரண்டும் ஒரே ஆள் போட்டவை என்று நானே சொல்லமாட்டேன்.

"இப்ப கைநாட்டு வச்சா ஆகாதுங்களா?" என்றாள் காளியாயி.

"மனுவில கையெழுத்துல்ல இருக்கு. அதுக்கு ஒத்து வரணும்மா."

மணி ஒன்பதேகால். அவளைத் தனியே கூப்பிட்டுச் சொன்னேன்: "ஒரு வாய் சாராயம் உள்ள போனா கை நிக்கும். வாடைக்குப் பாவாவ ஏலக்காய் தரச் சொல்றேன்."

"அய்யா, அவரு காலக் கட்டிப்போட்டுட்டு நான் அதுமேலயே குந்தியிருந்தேங்க" என்றாள். பிறகு, "மூணு புள்ளைங்க" என்றாள். சாராயத் தவறணைப் பக்கம் நடந்தாள். ஒரு பொம்பளை தவறணைக்குள் போவதை வீதியே நின்று பார்த்தது.

கால் போத்தலை முந்தானையில் மூடிக்கொண்டு வந்து அவன் முன்னால் நீட்டினாள். "ஏங்க, கையெழுத்துக்கு மட்டுங்க."

அவன் நாக்கு உதட்டைத் தடவியது. கை நீண்டு போத்தலைத் தொட்டு, இன்னும் அதிகமாக ஆடியது.

"யாரு சொன்னா?"

அவள் என் பக்கம் திரும்பவில்லை. "நான்தான்."

"காளி, ஒரு வாயோட நிக்கிறவனா நானு? இன்னைக்கு ஊத்துனா நாளைக்கு எவன் நிறுத்துவான்? மறுக்கா காலக் கட்டுவியா?"

அவள் போத்தலை வீதியோரச் சாக்கடைக் கானில் கவிழ்த்தாள். வாடை போகும்வரை அவன் சுவரைப் பார்த்து நின்றான்.

பத்தரைக்கு விசாரணைக்குக் கூப்பிட்டார்கள்; அதிகாரி கடுமையானவர் அல்ல. மூன்று தாள் கொடுத்து மூன்றிலும் போடச் சொன்னார். மூன்றும் நடுங்கின. உடம்புக்குச் சுகமில்லையா என்று மொழிபெயர்ப்பாளர் கேட்டார்.

"குடிய விட்டுட்டேங்க. அதான் ஆடுது."

அது ஆங்கிலத்தில் சொல்லப்பட்டது. அதிகாரி ஜனவரியில் எழுதிய வரியைப் படித்துவிட்டு, மூன்று தாள்களையும் கோப்பில் சேர்த்தார். முடிவு தபாலில் வரும் என்றார்.

மே பத்தாம் தேதி வந்தது. கையொப்பங்கள் ஒவ்வாமையால், மனுச் செய்தவர் இவரே என்பது நிரூபிக்கப்படவில்லை; மனு தள்ளுபடி. நான் படித்து முடித்ததும், "அன்னைக்கு அதக் குடிச்சிருந்தா..." என்று தொடங்கிய காளியாயி பாதியில் நிறுத்திக்கொண்டாள்.

"அப்பீல் எழுதுங்கய்யா" என்றான் அவன். எழுதிக் கொடுத்தேன். கையெழுத்துப் போட்டான். "பாருங்க, ஆடல! இன்னையோட அறுவத்திரெண்டு நாளு." கையைத் திருப்பித் திருப்பிக் காட்டினான்.

உண்மைதான், ஆடவில்லை. ஆனால் அதிகாரியின் கண்முன் போட்ட மூன்று நடுங்கல் கையெழுத்துகள் கோப்பில் இருக்கின்றன. இது அவற்றோடு ஒவ்வாது.

"முத்து, ஏன் ஆடுச்சுன்னு வெளக்கம் சேக்கணும். நீ குடிகாரன்னு எழுதணும்."

"குடிகாரனா இருந்தேன்னு எழுதுங்க."

"அத எவன் நம்புவான்?" என்றாள் காளியாயி.

அவன் சொன்னபடியே எழுதி அனுப்பினேன்.

ஆகஸ்ட் பத்தாம் தேதி அதுவும் தள்ளுபடியாகி வந்தது. அன்று கடிதத்தோடு காளியாயி மட்டும் வந்திருந்தாள். படித்துச் சொன்னேன். கடிதத்தை வாங்கிச் சின்னதாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"நாளைக்குத் தோட்டத்துல ஆடிப் பூசைங்க. எல்லா லயத்துலயும் சாராயம் ஊத்துவானுங்க. வழியில அவரப் பாத்தா, காயிதம் இன்னும் வரலன்னு சொல்லிடுங்க. பூச முடியட்டும். நானே சொல்லிக்கிறேன்."