வண்டியாக இருந்தவர்

ஒரு மனிதர் நான்கு மாதம் வண்டியாக இருந்தார். சிரிக்காமல் கேளுங்கள். சிரித்தாலும் பரவாயில்லை, அவரே சேர்ந்து சிரிப்பார்.

அதற்கு முன்னால் அவர் முப்பத்து நான்கு வருடம் லிஃப்ட்டில் இருந்தார். பன்னிரண்டு மாடிக் கட்டடம் ஒன்றில், ஒரு முக்காலியும் ஒரு கைத்துண்டுமாக மேலே போனார், கீழே வந்தார். ஆட்கள் ஏறியதும் "கதவு மூடுது, கை பத்திரம்" என்பார். நின்றதும் "கதவு திறக்குது, பாத்து எறங்குங்க" என்பார். கூட்டம் நெருக்கினால் "கொஞ்சம் பின்னால நகருங்க" என்பார். இந்த மூன்று பேச்சிலேயே அவர் தலை நரைத்துவிட்டது. பிறகு ஒரு நாள், தானே பேசுகிற லிஃப்ட் ஒன்றைக் கொண்டுவந்து மாட்டினார்கள். மேலாளர் அவரைக் கூப்பிட்டு, ரொம்ப மரியாதையாக, "இனிமே நீங்க வர வேண்டாம்" என்றார். வேண்டுமானால் முக்காலியை எடுத்துக்கொள்ளலாம் என்றும் சொன்னார். எடுத்துக்கொண்டு வந்தார்.

வீட்டில் அதைச் சுவரைப் பார்க்கப் போட்டு உட்கார்ந்துகொண்டார். யாராவது அறைக்குள் வந்தால் அவர் கை தானாகச் சுவரில் பொத்தானைத் தேடும். தேநீர் கொண்டுவந்த மனைவியிடம் ஒருமுறை "எந்த மாடி?" என்று கேட்டேவிட்டார்.

மனைவிக்கு அதற்கெல்லாம் உட்கார்ந்து வருத்தப்பட நேரமில்லை. அவள் குதிரை பழக்குகிறவள். அதுவும் குட்டைக் குதிரை. இடுப்பு உயரம்கூட வராது. உருவத்தில் ஆட்டைவிடக் கொஞ்சம் பெரிது, வீம்பில் யானையைவிடப் பெரிது. அப்போது அவளிடம் மூன்று வயதில் இரண்டு இருந்தன. கறுப்பாக இருந்தது மிளகு. சாம்பலும் பழுப்புமாக, எதைக் கட்டினாலும் மென்று தின்றுவிடுவது சுக்கு.

ஊரில் குழந்தைகளுக்கென்று ஒரு ஆஸ்பத்திரி இருந்தது. வார்டு மூன்றாம் மாடியில், எக்ஸ்ரே எடுக்கிற அறை கீழ்த்தளத்தின் மறுகோடியில். சக்கர நாற்காலியைக் கண்டாலே பிள்ளைகள் வீறிட்டு அழுதார்கள். அங்கே இருந்த பெரிய டாக்டரம்மாவுக்கு ஒரு யோசனை. சின்னக் குதிரை, சின்ன வண்டி, அதில் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போனால் என்ன? முதலில் மிளகைக் கொண்டுவந்து ஓட்டிக் காட்டச் சொன்னார். ஆறு மாதம் தவணை கொடுத்தார்.

குதிரையை வண்டிக்குப் பழக்குவது அவசரக்காரர்களுக்கு ஆகிற வேலை இல்லை. ஒரு நாளைக்குக் கால் மணி நேரம்தான். முதலில் சாக்குத் துணியால் உடம்பெல்லாம் தேய்க்க வேண்டும். பிறகு வாயில் கடிவாளம், அதில் கொஞ்சம் தேன் தடவி. பிறகு வார்ப்பட்டைகள். பிறகு இரண்டு நீளமான கயிற்றைப் பிடித்துக்கொண்டு அதன் பின்னாலேயே நடக்க வேண்டும், தெருத் தெருவாக, குப்பை லாரிக்குப் பயப்படாத வரைக்கும். அதற்குப் பிறகுதான் முதுகுக்குப் பின்னால் ஏதோ வருகிறது என்பதைப் பழக்க வேண்டும். அதற்கு வண்டி வேண்டும்.

வண்டி செய்யும் தச்சர் "அடுத்த வாரம்" என்றார். அவருடைய அடுத்த வாரம் நான்கு மாதம் ஓடியது.

ஒரு நாள் காலையில் மனைவி கூடத்துக்கு வந்தாள். சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தவரைக் கொஞ்ச நேரம் அளவெடுப்பதுபோலப் பார்த்தாள்.

"என்னங்க, எந்திரிங்க. நீங்கதான் வண்டி."

இரண்டு மூங்கிலை மிளகின் இரு பக்கமும் கட்டி, பின்முனைகளை அவர் கையில் கொடுத்தாள். கனம் தெரிவதற்காகக் கொஞ்சம் பின்னால் சாய்ந்தபடி நடக்கச் சொன்னாள். சக்கரச் சத்தத்துக்கு இரண்டு டப்பா மூடிகளை அவர் இடுப்பில் கட்டித் தொங்கவிட்டாள். அவள் கயிற்றைப் பிடித்துக்கொண்டு வலது பக்கம் வந்தாள். இப்படி மூவரும் தெருவில் இறங்கினார்கள்.

எதிர்வீட்டுத் தையல்காரம்மா மெஷினை நிறுத்திவிட்டு வாசலுக்கே வந்துவிட்டாள். வீட்டுக்காரருக்குக் காற்று அடித்தாயிற்றா என்று கேட்டாள். மறுநாள், வண்டிக்கு ஹாரன் இல்லையே என்றாள். ஒருமுறை அவர் காலில் முள் குத்தி மூன்று நாள் வெளியே வராதபோது, "ஏம்மா, பஞ்சரா?" என்று விசாரித்தாள். மனைவியும் சளைக்காமல், பின்சக்கரம் மட்டும்தான் என்றாள்.

அவரோ வண்டியானதில் பூரித்துப்போயிருந்தார். வாழ்நாளில் முதல்தடவையாக முன்னால் போகிறார் அல்லவா. புறப்படும்போது பழக்கதோஷத்தில் வாய்க்குள்ளேயே "கதவு மூடுது, கை பத்திரம்" என்பார். நிற்கும்போது "கதவு திறக்குது" என்பார். குறுகலான சந்தில் எதிரே ஏதாவது வண்டி வந்தால் "கொஞ்சம் பின்னால நகருங்க" என்று தானும் பின்வாங்குவார், மிளகும் பின்வாங்கும். மனைவிக்கு இடது காது கொஞ்சம் மந்தம். அவர் வந்ததோ இடது பக்கம். அவள் "நட" என்று கயிற்றை அசைத்தாள், குதிரை நடந்தது. "நில்லு" என்று இழுத்தாள், நின்றது. தன் கைக்குத்தான் பழகிவிட்டது என்று நினைத்தாள். அப்படி நினைத்ததில் தப்பும் இல்லை.

உண்மை அவருக்குப் பல்வலி வந்த நாளில்தான் தெரிந்தது. வாய்க்குள் துணியை வைத்துக் கடித்துக்கொண்டு வந்து நின்றார். மனைவி கயிற்றை அசைத்தாள். மிளகு நகரவில்லை. இன்னொரு தடவை அசைத்தாள். மிளகு காதை மட்டும் பின்னால் திருப்பி, அவருக்காகக் காத்திருந்தது. துணியை எடுத்துவிட்டு மெல்ல "கதவு மூடுது" என்றார். ராஜா மாதிரி நடந்தது.

வண்டிதான் குதிரையை ஓட்டிக்கொண்டிருந்தது.

அவர் அதை மனைவியிடம் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று தினமும் காலையில் நினைப்பார். நினைத்தவுடன் அந்த மேலாளரின் மரியாதையான குரல் காதில் கேட்கும். இவளும் அதையே சொல்லிவிட்டால்? திரும்பவும் முக்காலி, திரும்பவும் சுவர்.

ஓட்டிக் காட்ட வேண்டிய நாளுக்குப் பத்து நாள் இருக்கும்போது தச்சர் வண்டியைக் கொண்டுவந்து இறக்கினார். அழகான வண்டி, இரண்டு சிவப்புச் சக்கரம். அவர் அதைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார். பிறகு பாதுகாப்புக்கு என்று சொல்லி அதன் பின்னாலேயே, இடது பக்கமாக, நடக்க ஆரம்பித்தார். வாய் முணுமுணுத்தது, மிளகு இழுத்தது. மனைவிக்குச் சந்தேகமே வரவில்லை.

அந்த நாளும் வந்தது. இஸ்திரி போட்ட சட்டையில் அவர் வாசலில் தயாராக நின்றார். அவள் பட்டையை இறுக்கிக்கொண்டே நிமிர்ந்து பார்க்காமல் சொன்னாள்: "ஒரு ஆள்தான் வரணும்னு ஆஸ்பத்திரில சொல்லிட்டாங்க. இன்னிக்கு நீங்க வர வேண்டாம்."

எந்த வார்த்தைக்குப் பயந்தாரோ, அதே வார்த்தை. அவள் அறிந்து சொல்லவில்லை, பாவம். அவர் தலையை ஆட்டிவிட்டு உள்ளே போனார். முக்காலியில் உட்கார்ந்தார், எழுந்தார். அடுத்த பஸ்ஸில் ஏறிவிட்டார்.

ஆஸ்பத்திரியின் கீழ்த்தளத்தில், படுக்கையோடு நோயாளியை ஏற்றுகிற பெரிய லிஃப்ட் ஒன்று இருந்தது. வேறெங்கே போய் நிற்பார்? அதன் பக்கத்துத் தூணுக்குப் பின்னால் நின்றார். பத்தடி தள்ளி மிளகு, வண்டி. வண்டியில் மனைவி, அவள் பக்கத்தில் காலில் மாவுக்கட்டுப் போட்ட ஒரு சிறுமி. ஓரமாகக் கடிகாரத்தைப் பார்த்தபடி பெரிய டாக்டரம்மா.

மனைவி "நட" என்றாள். மிளகு நின்றது. கயிற்றை அசைத்தாள். மிளகு காதைப் பின்னால் திருப்பியது. அவள் முகத்தில் வேர்வை துளிர்த்தது.

தூணுக்குப் பின்னால் இருந்தவருக்கு அந்த நேரத்தில் ஒரு சின்ன சந்தோஷம் வந்தது. சொல்லவே கூச்சமாக இருக்கிறது, ஆனாலும் வந்தது. உடனே அவள் முகத்தைப் பார்த்தார். சந்தோஷம் போன இடம் தெரியவில்லை. குரல் கொடுக்க வாயைத் திறந்தார்.

அவரை லிஃப்ட் முந்திக்கொண்டது. "கதவு மூடுகிறது" என்றது, பதிவு செய்த குரலில்.

மிளகு புறப்பட்டது. நேராக லிஃப்டுக்குள். மூக்கு நுழைந்ததும் லிஃப்ட் தடங்கலைக் கண்டு "கதவு திறக்கிறது" என்றது. மிளகு பாதியில் நின்றது. "கதவு மூடுகிறது" என்றது. மிளகு இரண்டடி வைத்தது. இப்படியே நிறுத்தி நிறுத்தி குதிரை, வண்டி, மனைவி, சிறுமி எல்லாரும் உள்ளே போய்ச் சேர்ந்தார்கள். மனைவி கயிற்றை இழுத்துப் பார்த்தாள்தான். அது அவளுடைய வழக்கம் என்று மிளகு கண்டுகொள்ளவில்லை. கதவு மூடியது. மேலே விளக்கு ஒன்று, இரண்டு, மூன்று என்று ஏறியது.

முப்பத்து நான்கு வருடம் லிஃப்டில் போனவர் அன்றைக்குப் படியில் ஓடினார்.

மூன்றாம் மாடியில் கதவு திறந்திருந்தது. மிளகு உள்சுவரைப் பார்த்து நின்றது. திரும்ப இடமில்லை. லிஃப்ட் "மூடுகிறது" என்றால் சுவரை முட்டும், "திறக்கிறது" என்றால் நிற்கும். வார்டுப் பிள்ளைகள் கட்டுப்போட்ட கையும் காலுமாகக் கதவோரம் கூடிவிட்டார்கள். சிறுமி அவர்களிடம், குதிரைக்கு ஊசி போடப் போகிறார்கள், அதனால்தான் வெளியே வர மாட்டேன் என்கிறது என்று விளக்கிக்கொண்டிருந்தாள்.

அவர் மூச்சு வாங்கியபடி கதவைப் பிடித்துக்கொண்டார்.

"கொஞ்சம் பின்னால நகருங்க."

மிளகின் இரண்டு காதும் திரும்பின. ஒரு அடி பின்னால் வைத்தது.

"நகருங்க, நகருங்க. இன்னும் கொஞ்சம். கதவு திறக்குது, பாத்து எறங்குங்க."

சிவப்புச் சக்கரம் இரண்டும் கோடு போட்டதுபோல வெளியே வந்து நின்றன. பிள்ளைகள் கைதட்டினார்கள். கையில் கட்டுப்போட்ட பிள்ளை காலால் தரையைத் தட்டியது.

மனைவி வண்டியிலிருந்து இறங்கவில்லை. அவரையே பார்த்தாள்.

"எத்தன நாளா?"

"பல்வலி வந்தப்போ தெரிஞ்சுது."

"சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல?"

"சொன்னா, நான் வேண்டாம்னு ஆயிடுவேனே."

அவள் காலையில் தான் சொன்னதை நினைத்துக்கொண்டாள் போலிருக்கிறது. இறங்கிப் போய் மிளகின் பட்டையை, சரியாக இருந்ததையே, இன்னொரு தடவை சரிசெய்தாள்.

அதற்குள் டாக்டரம்மா படியேறி வந்துவிட்டார். பல நாளாகப் படுக்கையைவிட்டு எழ மாட்டேன் என்றிருந்த பிள்ளைகள் கதவருகே நிற்பதைப் பார்த்தார். இனிமேல் வண்டி கீழே நிற்பது எதற்கு, தினமும் வார்டுக்கே வந்து ஏற்றிக்கொள்ளட்டும் என்றார். பிறகு இவரைக் காட்டி, ஒருத்தர்தானே வரச் சொன்னோம், இவர் யார் என்று கேட்டார்.

"ஆள் நான் ஒருத்திதான் டாக்டர்," என்றாள் மனைவி. "இவர் வண்டி."

டாக்டரம்மா சிவப்புச் சக்கரத்தைப் பார்த்தார், இவரைப் பார்த்தார், சரி என்றார்.

அடையாள அட்டை எழுதுகிற குமாஸ்தா எதையும் கேள்வி கேட்காத மனிதர். வேலை என்ற இடத்தில் வண்டி என்று எழுதி, முத்திரை குத்திக் கொடுத்தார். அதை அவர் சட்டைப்பையில் முகம் வெளியே தெரியும்படி வைத்துக்கொள்வார்.

லிஃப்டின் பேச்சைக் கேட்கக் கூடாது என்று மிளகைப் பழக்க மூன்று வாரம் ஆனது, நாளுக்குக் கால் மணி நேரம். வீட்டில் சுக்குக்கு இன்னும் மூங்கில்தான். புது வண்டியைக் கட்டலாமே என்று தையல்காரம்மா கேட்டதற்கு, அது சுக்கு வாய்க்குத் தாங்காது, இந்த வண்டி என்றால் கடித்தால் சத்தம் போடும் என்று மனைவி சொல்லிவிட்டாள்.

இப்போது ஆஸ்பத்திரியில் தினமும் காலையில் லிஃப்ட் முதலில் சொல்லும். மிளகு அசையாது. அவர் அது பேசி முடிக்கட்டும் என்று பொறுத்திருந்து, தொண்டையைக் கனைத்துக்கொள்வார்.

"கதவு மூடுது. கை பத்திரம்."