நான்காம் தொட்டியின் முட்டைகள்

காலை ஆறு மணிக்கெல்லாம் மெர்வின் டட்டன் ஆய்வுக்கூடத்தின் குளிர் அறைக்குள் நுழைந்துவிடுவார். தலையில் கம்பளிக் குல்லாய், காலில் ரப்பர் பூட்ஸ். ஹோபார்ட் நகரில் கோடையோ குளிரோ, அந்த அறைக்குள் எப்போதும் தென்துருவக் கடலின் குளிர்தான். ஆறு தொட்டிகளில் கூனி இறாலைப் போன்ற விரல் நீளக் கிரில்கள் கூட்டமாக நீந்திக்கொண்டிருக்கும்.

"சாப்பிடுங்கடி ராஜாத்திகளா" என்றபடி பாசியைக் கரைத்து ஊற்றுவார்.

மெர்வின் பள்ளியைப் பாதியில் விட்டவர். இருபது வருடம் சிப்பி எடுக்கக் கடலில் மூழ்கி, காது கெட்ட பிறகு தொட்டி கழுவும் வேலைக்கு வந்தவர். டிசம்பர் மாதத்தில் ஒருநாள், கடல் உயிரியல் ஆராய்ச்சியாளர் ஹெஸ்டர் லாங்ஃபோர்டை அவர்தான் கூப்பிட்டுக் காட்டினார்.

"நாலாம் தொட்டியில ஏதோ சரியில்ல ஹெஸ்டர். முட்டை போட்டிருக்குங்க. ஆனா ஒண்ணுகூடப் பொரியல."

"தண்ணிக் குளிர் மாறிடுச்சோ?"

"எல்லாத் தொட்டிக்கும் ஒரே குளிர்தான். நீங்க இதுலதானே அந்தக் கரியமில வாயுவைக் கூடுதலாக் கரைச்சீங்க?"

ஆமாம். உலகத்தின் புகை இப்படியே கூடிக்கொண்டு போனால் நூறு வருடத்தில் கடல்நீர் எப்படி ஆகுமோ, அப்படி அந்தத் தொட்டியை அவள் அமைத்திருந்தாள். வளர்ந்த கிரில்கள் நன்றாக இருந்ததால் முட்டைகளை அவள் கவனிக்கவே இல்லை.

மறுவாரம் தங்கையின் திருமணத்துக்காக ஹெஸ்டர் சிட்னி போனாள். ஊரே விடுமுறையில் கடற்கரைக்குப் போயிருந்த அந்தப் பத்து நாளும், மெர்வின் நுண்ணோக்கி முன் குனிந்து முட்டைகளை எண்ணினார். எண்ணியதை நோட்டில் எழுதினார். முட்டைகளைக் கெடாமலிருக்க மருந்து ஊற்றிய குப்பிகளில் போட்டுத் தேதி ஒட்டி வைத்தார்.

கட்டுரை எழுதும்போது ஆய்வுக்கூடத் தலைவர் கிரகாம் சொன்னார்: "தொட்டி கழுவுறவர் எண்ணினார்னு போட்டா திருப்பி அனுப்பிடுவாங்க. உன் பேரே இருக்கட்டும்."

ஹெஸ்டருக்கு உறுத்தியது. அவளுடைய முதல் கண்டுபிடிப்பையே பேராசிரியர் ஒருவர் தன் பெயரில் போட்டுக்கொண்டபோது இரண்டு நாள் அழுதவள் அவள். அப்படியிருந்தும், 'எண்ணியவர்: ஹெஸ்டர் லாங்ஃபோர்ட்' என்று எழுதிவிட்டாள். கட்டுரை வெளியான அன்று மெர்வின் எதுவும் கேட்கவில்லை. மாவுக்குள் சிப்பிக் கறி வைத்துச் சுட்ட பண்டம் இரண்டு வாங்கி வந்து, ஒன்றை அவளிடம் நீட்டினார். அவள் அதை வாங்கி மேசையிலேயே வைத்துவிட்டாள்.

ஆராய்ச்சி பல நாடுகளுக்குப் பரவியது. கிரில் இனமே அருகிவிடுமோ என்ற பயத்தில், அது பெருகும் கடற்பகுதியில் மீன்பிடிப்பை நிறுத்தலாமா என்று பேச, அக்டோபரில் பல நாட்டுப் பிரதிநிதிகள் ஹோபார்ட்டில் கூடினார்கள். ஹெஸ்டர் பேசி முடித்ததும், மீன்பிடி நிறுவனம் ஒன்றின் சார்பில் வந்திருந்த நிபுணர் எழுந்தார்.

"டாக்டர், டிசம்பர் இருபத்தெட்டாம் தேதி முட்டையை எண்ணினது யாரு?"

"நான்தான்."

"அன்னைக்கு நீங்க சிட்னியில கல்யாணப் பொண்ணு பக்கத்துல பூச்செண்டோட நிக்கறீங்க. உங்க தங்கச்சியே இணையத்துல படம் போட்டிருக்காங்களே! அப்ப இந்த எண்ணிக்கை என்ன, ஆகாசத்துலருந்து குதிச்சுதா?"

அரங்கில் சிரிப்பு எழுந்தது. சிலர் காகிதங்களை மடித்து வைத்தார்கள். தேதி தவறிவிட்டது என்று சொல்லிச் சமாளித்திருக்கலாம். ஹெஸ்டர் மைக்கை இழுத்துக்கொண்டாள்.

"நான் எண்ணல. எங்க தொட்டிகளைப் பாத்துக்கற மெர்வின் டட்டன்தான் எண்ணினார். முட்டை பொரியலைன்னு முதல்ல கண்டுபிடிச்சதும் அவர்தான். அவர் பேரை நான் மறைச்சேன். தப்பு என்மேலதான், எண்ணிக்கைமேல இல்ல."

கூட்டம் மதியத்துக்குத் தள்ளிவைக்கப்பட்டது. அவள் நேராகக் குளிர் அறைக்குப் போனாள்.

"மெர்வின், உங்க பேரை நான் திருடிட்டேன்."

"தெரியும். அகராதியை வச்சுக்கிட்டு ஒரு வாரம் உக்காந்து அந்தக் கட்டுரையைப் படிச்சேனே."

"ஏன் ஒரு வார்த்தை கேக்கல?"

அவர் வாளியைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "கேட்டா, நீ என்ன படிச்சவனான்னு திருப்பிக் கேட்டுடுவீங்களோன்னு பயம்."

ஹெஸ்டரின் கண்கள் நிறைந்தன. அன்று மதியம் மெர்வின் அதே ரப்பர் பூட்ஸுடன், நோட்டையும் குப்பிகளையும் தூக்கிக்கொண்டு அவளோடு அரங்குக்குப் போனார்.

"மைக்ரோஸ்கோப்ல பாக்க உங்களுக்கு என்ன தகுதி?" என்றார் நிபுணர்.

"சத்தமாப் பேசுங்க சார், காது மந்தம்... தகுதியா? கலங்கின தண்ணியில இருபது வருஷம் சிப்பி தேடின கண்ணு இது. நம்பலைன்னா முட்டையெல்லாம் இதோ இருக்கு. எண்ணிக்கோங்க."

மூன்று நாட்டு ஆராய்ச்சியாளர்கள் மறுநாள் முழுக்க உட்கார்ந்து எண்ணினார்கள். நோட்டில் இருந்த கணக்கு சரியாக இருந்தது.

தடை கேட்ட கடற்பகுதி முழுவதுக்கும் அது கிடைக்கவில்லை. பாதியில் மட்டும், மூன்று வருடத்துக்கு மீன்பிடிப்பு நிறுத்தப்பட்டது. ஹெஸ்டரின் கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. அவளுக்கு வரவேண்டிய பதவி உயர்வும் நின்றது. திருத்திய கட்டுரையை மெர்வினின் பெயரை முதலில் போட்டு அவள் கொண்டுபோனபோது, கிரகாம் பெருமூச்சு விட்டார்.

"ஒரு பேரால உனக்கு எவ்வளவு நஷ்டம் பாத்தியா?"

"பேரைப் போட்டதால நஷ்டம் வரல கிரகாம், மறைச்சதாலதான் வந்துச்சு. படிக்காதவர்தானேன்னு ஒருத்தரோட உழைப்பை எடுத்துக்கிட்டா, அதுக்குப் பேரு திருட்டு. உழைச்சவங்க பேரை மறைச்சா, அவங்க கண்ட உண்மையைக்கூட ஊரு நம்பாது."

கிரகாம் கட்டுரையில் கையெழுத்துப் போட்டார்.