முடிவு தெரிந்த ஆட்டம்

அப்பாவின் முதுகுக்குப் பின்னால் இன்னொரு தலையணையைச் செருகிக்கொண்டிருந்தபோது அவர் கண்ணைத் திறந்து நிரஞ்சனாவைப் பார்த்தார்.

"மேட்ச் முடிஞ்சிருச்சா?"

முடிந்து அரை மணி நேரமாகியிருந்தது. அடுப்படியில் கஞ்சி கிண்டும் சாக்கில் கைப்பேசியிலேயே முழுவதையும் பார்த்திருந்தாள். தம்பி அருண்ராஜ், ஏழு பேர் ஆடும் ரக்பியான செவன்ஸில் சிங்கப்பூர் அணிக்காகக் கொழும்பில் ஆடினான். சீசனின் கடைசிச் சுற்று, கடைசி ஆட்டம், எதிரில் மலேசியா. தோற்றால் அடுத்த வருடம் கீழ்ப்பிரிவுக்குப் போக வேண்டும். தோற்றுவிட்டார்கள். அதுவும் அவன் கையால்.

"ஜெயிச்சிட்டோம்பா," என்றாள்.

சொன்ன பிறகுதான் உறைத்தது. அந்த வீட்டில் ஒரு வழக்கம் இருந்தது. வாழ்நாளெல்லாம் பேருந்து ஓட்டி, எந்த நெரிசலிலும் நிதானம் தவறாத அப்பா தனசேகரனுக்கு, மகன் பந்தோடு ஓடுவதை மட்டும் நேரலையில் பார்க்க முடியாது. நெஞ்சு படபடக்கும், எழுந்து போய்விடுவார். அதனால் நிரஞ்சனா முதலில் பார்த்து முடிவைச் சொல்வாள். தோல்வி என்றால், "சரி, விடு," என்று அந்த ஆட்டத்தின் பக்கமே திரும்ப மாட்டார். வெற்றி என்றால் பதிவைப் போடச் சொல்லி, காப்பியும் கையுமாக உட்கார்ந்து, மகனிடம் என்ன குறை என்று சொல்லிக்கொண்டே பார்ப்பார். கால் வைத்தது சரியில்லை, கழுத்தைத் தூக்குகிறான், இப்படி ஏதாவது.

உண்மையைச் சொல்லியிருந்தால் தப்பித்திருப்பாள். ஈரலில் தொடங்கிய நோய் பரவி அவர் படுக்கையில் விழுந்த பிறகு, ஒரு மாதமாக எதையும் பார்க்கக் கேட்கவில்லை. இன்றைக்கோ நாளைக்கோ என்று வீட்டுக்கு வரும் தாதி நேற்றே சொல்லியிருந்தாள். நல்ல செய்தியோடு போகட்டும் என்று நினைத்து, தானே வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டாள்.

"போடு," என்றார் அப்பா.

பதிவை இன்னும் இணையத்தில் ஏற்றவில்லை என்றாள். இன்டர்நெட் மெதுவாக இருக்கிறது என்றாள். கஞ்சி குடித்துவிட்டுப் பார்க்கலாமா என்றும் கேட்டுப் பார்த்தாள். அவர் தொலைக்காட்சியையே பார்த்துக்கொண்டு காத்திருந்தார். அம்மாவாவது வீட்டில் இருந்திருக்கலாம். அவள் சிராங்கூன் சாலைக் கோயிலில் அர்ச்சனை செய்யப் போயிருந்தாள். வேறு வழியில்லாமல் போட்டாள்.

முதல் பாதியில் சிங்கப்பூர் பதினான்கு, மலேசியா பூஜ்யம். செவன்ஸில் ஒரு பாதி ஏழே நிமிடம். இவர் இடைவேளைக்குள் தூங்கிவிட மாட்டாரா என்று அவள் வேண்டிக்கொண்டாள். பெற்ற அப்பாவின் கண் மூட வேண்டும் என்று வேண்டுகிறோமே என்று அவளுக்கே வெட்கமாக இருந்தது. அவர் தூங்கவில்லை. இரண்டாம் பாதியில் மலேசியா ஒவ்வொன்றாகப் போட்டு முன்னேறியபோதும் அவர் பதறவில்லை. முடிவு தெரிந்தவர் ஆயிற்றே.

"பாரேன், இப்ப நம்ம ஆளுங்க திருப்புவானுங்க," என்றார்.

மலேசியா பதினேழு, சிங்கப்பூர் பதினான்கு. நேரம் முடிந்ததற்கான சங்கு ஊதியது. பந்து வெளியே போகாதவரை ஆட்டம் உண்டு. அப்போதுதான் தன் கோட்டுக்குப் பக்கத்தில் அருண்ராஜுக்குப் பந்து கிடைத்தது. ஒருவனை ஏமாற்றினான், இன்னொருவனின் கையை உதறினான், பிறகு முன்னால் வெறும் புல்தான். அப்பா தலையணையிலிருந்து முதுகை எடுத்தார்.

"ஓட்டத்தப் பாரு நிரு. என்ன ஓட்டம் ஓடுறான் எம் மகன்."

அருண்ராஜ் எதிரணியின் கோட்டைத் தாண்டினான். குனிந்து பந்தைத் தரையில் அழுத்த வேண்டியதுதான் பாக்கி, ஐந்து புள்ளி, வெற்றி. ஒற்றைக் கையால் வைக்கப் போனான். பந்து நழுவி முன்னால் விழுந்தது. பக்கத்தில் அவனைத் தொடக்கூட ஆளில்லை. ஆட்டம் அத்தோடு முடிந்தது.

திரையில் அவன் முகம் குப்புறக் கிடந்தான். நிரஞ்சனா அப்பாவைப் பார்க்காமல் போர்வையின் ஓரத்தை மடித்துக்கொண்டிருந்தாள். அவர் கோபப்படவில்லை. கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினார்.

"அவன் கேட்டா, அப்பா பாதியிலயே தூங்கிட்டார்னு சொல்லிடு. நான் பார்த்தேன்னு தெரிஞ்சா ஆயுசுக்கும் அதையே நெனச்சுக்கிட்டு இருப்பான். யானைக்கும் அடி சறுக்கும் லா."

பிறகு, அந்த ஓட்டத்தை மட்டும் மறுபடி போடச் சொன்னார். கோட்டுக்கு முன்னால் நிறுத்தினாள். இன்னொரு முறை, என்றார்.

அம்மா விபூதியோடு வந்து நெற்றியில் பூசியபோது அவருக்கு நினைவிருந்தது. விளக்கு வைக்கும் நேரத்தில் மூச்சு நின்றது.

மறுநாள் காலை அருண்ராஜ் விமான நிலையத்திலிருந்து நேராக புக்கிட் பாஞ்சாங் வீட்டுக்கு வந்தான். அடுக்குமாடியின் கீழ்த்தளத்தில், வாய்ட் டெக்கில், வெள்ளைத் துணி கட்டி அப்பாவை வைத்திருந்தார்கள். அணியின் சட்டையோடு, தோளில் பையோடு பெட்டியருகே நின்றான். அழவில்லை. மதியம் மண்டாய் தகனச்சாலைக்குக் கிளம்ப வேண்டும், தம்பி குளித்துவிட்டு வேட்டியோடு வரட்டும் என்றார் சடங்கு செய்ய வந்திருந்த பண்டாரம். நிரஞ்சனா அவனை லிஃப்ட் பக்கம் அழைத்துப் போனாள்.

"அக்கா, அப்பா மேட்ச் பார்த்தாரா?"

"பாதியிலயே தூங்கிட்டார்டா."

அவன் நீளமாக மூச்சு விட்டான். நல்லவேளை, என்றான். லிஃப்ட் வந்து கதவு திறந்து மூடிக்கொண்டது. இருவருமே ஏறவில்லை.

"ஃப்ளைட்ல பூரா அதான் யோசிச்சிட்டு வந்தேன். ஒரு தடவையாச்சும் நல்லா ஆடினேன்னு சொல்வார்னு பார்த்தேன். சொல்லவே இல்லக்கா. இனிமே என்ன, விடு."

அப்பா மீது அவளுக்கு முதல் தடவையாக ஆத்திரம் வந்தது. கடைசியில் ஒரே ஒரு நல்ல வார்த்தையைச் சொல்லிவிட்டு, அதையும் பூட்டி வைக்கச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். செத்தவரின் பேச்சு பெரிதா, இப்படி நிற்பவன் பெரிதா என்று அவள் அதிகம் யோசிக்கவில்லை.

"பார்த்தார்டா. முழுசாப் பார்த்தார்."

அவன் திரும்பினான். "கீழ விட்டதையுமா?"

"அதையும்தான். அப்புறம் நீ ஓடினத மட்டும் மறுபடி மறுபடி போடச் சொன்னார். 'என்ன ஓட்டம் ஓடுறான் எம் மகன்'னார். உன்கிட்ட சொல்லக் கூடாதுன்னும் சொன்னார்."

அருண்ராஜ் பையை அவள் கையில் கொடுத்தான். அங்கிருந்த சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, குனிந்து, காலணியின் கயிற்றை அவிழ்க்கத் தொடங்கினான். முடிச்சு இறுகியிருந்தது. பண்டாரம் தூரத்திலிருந்து கூப்பிட்டார். நிரஞ்சனா, அவன் வருகிறான் என்று கையைக் காட்டினாள்.