ராஜஸ்ரீ வசிக்கும் ஊர்

ஐந்து வார விடுமுறைக்கு நியூஜெர்சி போன ராஜஸ்ரீயை அவள் அப்பா ஷ்யாம் திருப்பி அனுப்பவில்லை. 2006 ஜூன் மாதம், அவள் வர வேண்டிய நாளில் அவனுடைய மின்னஞ்சல்தான் வந்தது. குழந்தை அமெரிக்காவில் பிறந்தவள், இனி தன்னோடுதான் இருப்பாள், நீதிமன்றத்தில் மனுவும் போட்டாயிற்று என்று எழுதியிருந்தான்.

புனேயின் விஷ்ராந்த்வாடியில், வீட்டில் தனியாக உட்கார்ந்து அவள் அம்மா அமலா அதை மூன்று முறை படித்தாள். குழந்தைக்கு ஒன்றரை வயதாக இருந்தபோது ஷ்யாமின் கம்பெனிதான் மூவரையும் புனேவுக்கு அனுப்பியது. இரண்டு வருடத்தில் அவன் மட்டும் திரும்பிப் போனான். ராஜஸ்ரீக்கு இப்போது ஆறு வயது.

வக்கீல் ரவிசந்திரன் புனேயின் கட்கியில் பிறந்து வளர்ந்த தமிழர். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார்.

"டென்ஷன் மத் லோ மேடம், கவலைப்படாதீங்க. கேஸ் போடறதுக்கு முன்னாடி ஆறு மாசம் குழந்தை எங்க வாழ்ந்துச்சுன்னுதான் அங்க பார்ப்பாங்க. புனேன்னு காட்டிட்டா, முடிவு பண்ற அதிகாரம் அந்தக் கோர்ட்டுக்கு இல்லை."

"அவ அங்க போயே அஞ்சு வாரந்தானுங்க ஆச்சு."

"நீங்க புனேல தற்காலிகமாத்தான் தங்கியிருந்தீங்கன்னு மனுவில அவர் சொல்றார். வீடு எப்பவும் நியூஜெர்சிதானாம்."

தடுப்பூசி அட்டை, பல் டாக்டர் சீட்டு, பள்ளி வேன் ரசீது என்று அமலா தேடித் தேடிச் சேர்த்தாள். வருகைப் பதிவின் நகலுக்காகப் பள்ளிக்கும் போனாள். அலுவலகத்தில் இருந்த மும்தாஜ், ராஜஸ்ரீயின் ஃபைலையே எடுத்து முன்னால் வைத்தாள். அதில் சேர்க்கை விண்ணப்பம் இருந்தது. சேர்க்கை அன்று அமலா காய்ச்சலில் படுத்திருந்ததால் ஷ்யாம்தான் போய் அதை நிரப்பிக் கொடுத்திருந்தான். நிரந்தர முகவரி, விஷ்ராந்த்வாடி. எந்த வகுப்பு வரை படிக்க வைக்க உத்தேசம் என்ற கேள்விக்கு, பத்தாம் வகுப்பு வரை.

"கையெழுத்து அவருடையதுதானா?" என்று மும்தாஜ் இந்தியில் கேட்டாள்.

அமலா தலையாட்டினாள்.

ஜூலைக் கடைசியில் ஒரு நாள் மாலை ஆறரை மணிக்கு, நியூஜெர்சியில் காலை விசாரணை தொடங்கியது. ரவிசந்திரனின் மேஜையில் ஸ்பீக்கர் ஃபோன். அனுப்பியிருந்த சேர்க்கை விண்ணப்பத்தைக் காட்டி, இது உங்கள் கையெழுத்தா என்று பெண் நீதிபதி ஷ்யாமிடம் கேட்டார். ஆமாம் என்றான். அன்றே உத்தரவு வந்தது. குழந்தை வசிக்கும் ஊர் புனே. வழக்கு எதுவானாலும் அங்கேதான். பத்து நாளில் அனுப்பிவைக்க வேண்டும்.

ஆங்கிலம் நன்றாகத் தெரிந்த அமலா, "என்ன சொன்னாங்க?" என்று கேட்டாள்.

"குழந்தை வருது மேடம்."

அவள் புடவைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள்.

மும்பை விமான நிலையத்துக்கு ஷ்யாமே அழைத்து வந்தான். இளைத்திருந்தான். "என்னை மறந்துடுவாளோன்னு பயந்துட்டேன் அமலா."

"மறக்க விடமாட்டேன். வாராவாரம் பேசுங்க, லீவுக்கு வந்து பாருங்க. இப்படி மட்டும் இன்னொரு தடவை செய்யாதீங்க."

அவன் சரியென்றான். கோர்ட்டில் பேச வேண்டியது இன்னும் எவ்வளவோ இருந்தது. புனே போகும் வழியில் டாக்ஸி லோனாவ்லாவைத் தொட்டதும் ராஜஸ்ரீ வடா பாவ் கேட்டாள். அவளுக்கு ஒன்று போதுமாயிருந்தது. ஏழு வாரமாகச் சரியாகச் சாப்பிடாத அமலா மூன்று தின்றாள்.