கொட்டகைக்காரியின் தண்ணீர்

"முழங்காலுக்குக் கீழ எடுத்தாகணுமாம்ப்பா." செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்றே சொன்னான் மூத்தவன்.

பண்ணைக்காரர் தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "அப்ப வயலுக்குச் சாணி யாரு இறைக்கிறது?"

இப்படியும் ஒரு மனிதர்! ஆஸ்பத்திரியில் கிடப்பவள் அவருடைய மூத்த மருமகள். மண்வெட்டி பட்டு விரல் நீளக் கீறல். ஒரே மாதத்தில் கால் போகிறது.

"எந்த மருந்தும் கேக்கலையாம். முன்னாடி நிறைய மாத்திரை சாப்பிட்டாளான்னு டாக்டர் கேட்டாரு."

மாமியாருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "மாத்திரையா? காய்ச்சல்னு படுத்தாலும் அவளுக்கு வெந்நீரோட சரி."

உண்மைதான். மருந்து தின்றவை மாடுகள். நோயில்லாத கன்றுக்கும் தினம் தீவனத்தில் பொடி, சீக்கிரம் கொழுக்க வேண்டுமே. சாணியை மக்கவிடப் பண்ணைக்காரருக்குப் பொறுமை கிடையாது. பச்சையாகவே வயலில் இறைத்தாக வேண்டும், மூத்த மருமகள்தான், வெறுங்காலோடு, கல்யாணமாகி வந்த எட்டு வருஷமாக. மழை பெய்தால் வயல் தண்ணீர் நேரே கொல்லைக் கிணற்றுக்குப் போகும். வீட்டுக்குக் கேன் தண்ணீர் வந்தது. மாட்டுக் கொட்டகை வேலை பார்ப்பவள் அதைத் தொடக்கூடாது, அவளுக்குக் கிணற்றுத் தண்ணீர்தான் என்பது மாமியார் போட்ட சட்டம்.

"மாட்டு மருந்தையாவது குடுத்துப் பாருங்கன்னு கெஞ்சினேன்ப்பா. 'அதைத்தான் உங்க கிணறு எட்டு வருஷமா குடுத்திருக்கே'ன்னாரு. மண்ணுலயும் தண்ணியிலயும் இருக்கிற கிருமிக்கு மருந்தெல்லாம் பழகிப்போச்சாம்."

"அந்தாளுக்கு வேற வேலையில்ல. நம்ம கிணத்துத் தண்ணி கல்கண்டுடா!" பண்ணைக்காரர் இளைய மருமகள் பக்கம் திரும்பினார். அவள் வந்து இரண்டு மாதம்தான் ஆகிறது. "நாளையிலேருந்து சாணிக் கூடையை நீ எடு. இப்ப குடிக்கத் தண்ணி கொண்டா."

"சரி மாமா." கொல்லைப்பக்கம் போய் ஒரு செம்பு கொண்டுவந்தாள். அவர் மடமடவென்று பாதியைக் குடித்துவிட்டு முகம் சுளித்தார்.

"என்ன தண்ணி இது?"

"கல்கண்டு, மாமா."

செம்பு உருண்டது. பண்ணைக்காரர் முற்றத்துக்கு ஓடித் தொண்டைக்குள் விரலை விட்டு ஓங்கரித்தார். கேனைத் தூக்கிக்கொண்டு மாமியார் பின்னாலேயே ஓடினாள்.

இளையவள் சாணிக் கூடையை எடுத்துவந்து அவர் பக்கத்தில் வைத்தாள்.

"பாத்துக்கிட்டே நிக்கிறியேடி! டாக்டரைக் கூப்பிடு!" என்று அலறினாள் மாமியார்.

"கூப்பிடறேன் அத்தை. வந்து எந்த மருந்தைக் குடுப்பாரு?"