தாய்த்தொட்டி

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் விஜயலெட்சுமியின் தொட்டிக்குள் மண்ணிற இறால் குஞ்சு ஒன்று ஓடியது. அரிசி நொய் அளவுதான் இருக்கும். குனிந்து தேடினாள், பாசிக்குள் இன்னும் மூன்று. கண்ணாடியைச் சுற்றி வந்து பதினொன்று வரை எண்ணினாள். அதற்குமேல் எண்ணத் தெம்பில்லை.

ஒரு பொடி இறாலுக்கு இத்தனை பதற்றமா என்று கேட்பவர்கள் கொஞ்சம் பொறுக்க வேண்டும். இது கறிக்கு ஆகாத இறால். நல்ல தண்ணீரில் வாழ்வது, விரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரியது, அழகுக்கென்று வளர்ப்பது. ஐந்து வருடத்துக்கு முன் பண்டாரவளைக் கடையொன்றில் பத்து வாங்கினாள். அன்று அவற்றின் நிறத்தைச் சிவப்பு என்று சொல்லவே மனசு வராது. வெற்றிலை துப்பிய தண்ணீர் மாதிரி இருந்தன.

பசறைப் பக்கம் ஒரு தோட்டத்தில் அவளுக்குப் பிள்ளைக் காம்பராவில் வேலை. தாய்மார் கொழுந்துக்குப் போனால் கைக்குழந்தைகளை அவள்தான் பார்த்துக்கொள்வாள். வீட்டுக்கு வந்தால் இறால். லயத்து வீட்டின் முன்திண்ணையான இஸ்தோப்பை மறித்துப் பலகை அடித்து, அதற்குள் இரண்டு தொட்டி வைத்திருந்தாள். மாதம் ஒருமுறை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்ப்பாள். வெளிறியது, கால் சிவக்காதது, முதுகில் புள்ளி விழுந்தது எல்லாம் கழிசல் தொட்டிக்கு. அடர் சிவப்பு மட்டும் தாய்த்தொட்டியில் இருக்கும். இப்படிப் பதினாலு தலைமுறை. "இறாலுக்குப் பெரட்டு நடக்குது, சத்தம் போடாதீங்க" என்று, தோட்டத்தில் காலையில் ஆட்களை நிறுத்தி எண்ணும் பெரட்டைச் சொல்லி, புருஷன் சதீஸ்குமார்கூடக் கேலி பண்ணுவான். பண்ணட்டுமே. தலை முதல் கால் நுனி வரை மிளகாய்ப்பழம்போல் சிவந்த இறால் பதுளை மாவட்டத்திலேயே அவளிடம்தான் இருந்தது.

ஆண் இறாலை விற்பாள். பெண்ணை ஒன்றுகூடப் படி தாண்ட விட்டதில்லை. வளர்ப்பவர்கள் குழுவை நடத்தும் பண்டாரவளை நப்ரீஸ், "மூணு ஈத்து ஒரு நிறக் கலப்பும் இல்லாம வந்தா, இத உங்க பேர்லயே தனி இனமா நம்ம பட்டியல்ல போடுவோம்" என்று சொல்லியிருந்தார். இரண்டு ஈற்று சுத்தமாக வந்தது. மூன்றாவதைப் பார்க்க அடுத்த ஞாயிறு நேரில் வருவதாக இருந்தார். தோட்டத்துப் பெண்ணொருத்தியின் பேர், கொழுந்து நிறுக்கும் துண்டுச் சீட்டைத் தாண்டி எங்கேயாவது எழுதப்படப் போகிறது என்று அவள் தூக்கமில்லாமல் கிடந்தாள்.

அந்த மூன்றாவது ஈற்றில்தான் இப்போது மண் நிறம் ஓடுகிறது. சிவப்போடு நீலமோ மஞ்சளோ சேர்ந்தால் ஆற்று இறாலின் பழைய மண் நிறம் திரும்பி வந்துவிடும். அவள் தொட்டிக்குள் ஐந்து வருடமாக வெளி இறால் எதுவும் வந்ததில்லை. வந்ததில்லை என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தாள்.

ஒன்றரை மாதத்துக்கு முன் அவளுடைய அம்மாவுக்குப் பதுளை ஆஸ்பத்திரியில் ஒப்பரேசன். பன்னிரண்டு நாள் விஜயலெட்சுமியும் துணைக்கு அங்கேயே கிடந்தாள். தொட்டியைப் பார்த்துக்கொண்டது சதீஸ்குமாரின் தங்கை சுபாஜினி. திரும்பி வந்ததும் முகம்கூடக் கழுவாமல் விஜயலெட்சுமி தாய் இறால்களை எண்ணினாள். இருபத்தாறு. விட்டுப் போனதும் இருபத்தாறுதான். "என் தங்கம்" என்று சுபாஜினியைக் கட்டிக்கொண்டாள். எண்ணினாளே தவிர, களைப்பில் ஒவ்வொன்றாகப் பார்க்கவில்லை.

அந்த மாதமே, எட்டு வருடமாகத் தற்காலிகமாக லொறி ஓட்டிய சதீஸ்குமாருக்குத் தோட்டத்தில் வேலை நிரந்தரமானது. அவளே கேசரி கிண்டி லயம் முழுக்கக் கொடுத்தாள். தோட்டத்து ஆபீஸ் பெரிய கிளாக்கர் வீட்டுக்கும் ஒரு தட்டு கொண்டுபோய், "உங்களாலதான் ஐயா" என்று கும்பிட்டுவிட்டு வந்தாள்.

இப்போது சுபாஜினி தண்ணீர் விழும் பீலியடியில் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். விஜயலெட்சுமி நேரே போய் நின்றாள்.

"நான் இல்லாதப்ப தொட்டிக்குள்ள யாரு கைய விட்டது?"

"ஏன் அண்ணி?"

"மண் கலர்ல குஞ்சு ஓடுது. வெளி இறால் சேராம அது பொறக்காது."

சுபாஜினியின் கையிலிருந்த சோப்பு நழுவியது. பொய் சொல்லியிருக்கலாம், அவளுக்கு அழுகைதான் வந்தது.

"அண்ணன்தான் எடுத்தாரு. முட்டை சொமந்ததா ஆறு. பெரிய கிளாக்கர் வீட்டுல தொட்டி வச்சிருக்காராம். கேட்டாராம். வேலைக்குக் கையெழுத்துப் போடணும்ல, அதான்."

"நீ ஏன்டி எங்கிட்ட சொல்லல?"

"நீங்க ஆஸ்பத்திரியில அழுதுக்கிட்டு இருந்தீங்க. வந்து இதையும் பாத்தா தாங்க மாட்டீங்கன்னு நெனச்சேன். பண்டாரவளைக்கு பஸ் ஏறிப் போயி, அதே மாதிரி நல்ல செவப்பா, முட்டையோட ஆறு தேடிப் புடிச்சு வாங்கிட்டு வந்து விட்டேன். உங்க மனசு நோகக் கூடாதுன்னுதான் அண்ணி."

அந்தக் கடையில் சிவப்பு, நீலம், மஞ்சள் எல்லாம் ஒரே தொட்டியில் கும்மாளம் போடும். அங்கே முட்டை சுமந்த சிவப்பு, எந்த நிறத்து ஆணோடு சேர்ந்ததோ. அதோடு முடியவில்லை. வந்த ஆறும் முதல் ஈற்றை இறக்கிவிட்டு, இங்குள்ள ஆண்களோடு சேர்ந்து மறுபடியும் முட்டை போட்டிருக்கும். அந்தக் குஞ்சுகள் சிவப்பாகவே வரும். அவற்றின் பிள்ளைகளிலோ பேரன் பேத்திகளிலோதான் மண் நிறம் தலைகாட்டும்.

"கொறைஞ்சிருந்தா அன்னைக்கே ஒப்பாரி வச்சிருப்பேன்" என்றாள் விஜயலெட்சுமி. "ஆறு போனாலும் மிச்சம் இருபது சுத்தமா இருந்திருக்கும். அவரு ஆறத்தான் எடுத்தாரு. நீ மறைக்கப்போயி எல்லாத்தையும் எடுத்திட்ட."

சுபாஜினி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். விஜயலெட்சுமிக்கு அவளைப் பார்க்க இரக்கமாகவும் இருந்தது, நாலு அறை விடவும் தோன்றியது. இரண்டையும் செய்யாமல் திரும்பி நடந்தாள்.

மத்தியானம் சதீஸ்குமார் வந்தான். மறைக்கவில்லை. மறைத்ததெல்லாம் போதும் என்று நினைத்தானோ என்னவோ.

"ஆமா, எடுத்தேன். அந்த வேல எனக்கு மட்டுமா? உனக்கும் சேத்துதானே. கேட்டிருந்தா நீ குடுத்திருப்பியா?"

"மாட்டேன். அது தெரிஞ்சுதானே நான் இல்லாத நேரமாப் பாத்தீங்க?"

அவன் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினான்.

"கேசரி கிண்டுனேனே, அப்பவாவது சொல்லியிருக்கலாமே. அந்த ஆளு முன்னாடி கையெடுத்துக் கும்பிட்டேன். நீங்க பக்கத்துலயே நின்னீங்க."

"வேணும்னா கிளாக்கர்கிட்ட குட்டி கேட்டு வாங்கித் தாறேன்."

"அங்க என்னோடது மட்டும்தான் இருக்கா?"

அவன் தலையைச் சொறிந்தான். "நீலத்தோட விட்டிருக்காரு. கலர் கலரா இருந்தா அழகுன்னு."

விஜயலெட்சுமி போனை எடுத்தாள். நப்ரீசுக்குத்தான் என்று அவனுக்குப் புரிந்துவிட்டது.

"விஜி, கடைக்காரன் ஏமாத்திட்டான்னு சொல்லு. வீட்டு விசயத்த வெளிய விடாத."

அவள் அவனைப் பார்த்துக்கொண்டே பேசினாள். "நப்ரீஸ் நானா, அடுத்த கெழம வராதீங்க. என்னோட செவப்பு கலந்திருச்சு. கடைக்காரன் மேல குத்தமில்ல. எங்க வீட்டுக்காரரு தாய் இறால எடுத்துக் குடுத்திட்டாரு. நாத்தனா கடை இறால விட்டு மறைச்சிட்டா."

நப்ரீஸ் மெதுவாகக் கேட்டார். "வேற யார் வீட்டுலயாவது கொஞ்சம் பிரிச்சு வச்சிருக்கீங்களா தங்கச்சி?"

"இல்ல நானா. வெளிய குடுத்தாத்தான் பயம்னு நெனச்சேன். வீட்டுக்குள்ளதானே இருக்குன்னு இருந்திட்டேன்."

போனை வைத்தபோதுதான் அவளுக்கு அழுகை வந்தது. வாய்விட்டே அழுதாள். பக்கத்து வீட்டுக்குக் கேட்டிருக்கும்; கேட்கட்டும் என்று விட்டுவிட்டாள். சதீஸ்குமார் சுவரோரமாக நின்றான். அவள் ஓய்ந்த பிறகு, ஏதாவது சொல்லியாக வேண்டுமே என்று வாயைத் திறந்தான்.

"இருக்குறதுல நல்லதாப் பாத்து ஒரு பத்துப் பொறுக்கி வச்சுக்கயேன். அதுல இருந்து மறுபடி வளத்துக்கலாம்."

விஜயலெட்சுமி எழுந்து கைவலையை அவனிடம் கொடுத்தாள். "பொறுக்குங்க."

அவன் தொட்டி முன்னால் குந்தி ஒன்றை அள்ளினான். "இது?"

"தெரியல."

இன்னொன்றை அள்ளினான். "இது நல்ல செவப்புதானே?"

"தெரியல."

"உனக்கா தெரியாது?"

"போன மாசம் வரைக்கும் தெரியும். இந்தத் தோட்டத்துல யாருக்கும் தெரியாத ஒன்னு எனக்குத் தெரியும்னு நெஞ்ச நிமித்திக்கிட்டுத் திரிஞ்சேன். இப்ப இதுல எது என்னோடது, எது கடையில இருந்து வந்ததுன்னு எனக்கே தெரியல." அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். "ஒங்க மூஞ்சியப் பாத்தாலும் அப்பிடித்தான் இருக்கு."

வலைக்குள் இறால் துடித்தது. அவன் அதை அவசரமாகத் தண்ணீரில் விட்டான். எந்தத் தொட்டியில் விட்டான் என்று அவள் பார்க்கவில்லை.